பாதையில் பிறந்த விளம்பரம்



"ராத்தா, நீங்க கடையும் போடல்ல, போர்டும் வைக்கல்ல. கப்பல்துறையில இருந்துகொண்டு கொழும்புக்கும் கண்டிக்கும் தொதல் அனுப்புறீங்க. அந்த வித்தையை எங்களுக்கும் கொஞ்சம் சொல்லித் தாங்களேன்!"

கலியாண வீடுகளிலும் ஜனாஸா வீடுகளிலும் கூட என்னைக் கண்டால் நம் பெண்கள் கேட்கும் கேள்வி இது. கேட்பவர்கள் எல்லாரும் கையில் ஒரு தொழிலை வைத்திருப்பவர்கள். ஒருத்தி தையல், ஒருத்தி அச்சாறு, ஒருத்தி மருதாணி. எல்லார் கையிலும் கைபேசி இருக்கிறது. அதை வைத்து எப்படி நாலு பேரைத் தன் பக்கம் திருப்புவது என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டியது. நின்ற நிலையில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். நான் கற்றதை மட்டுமல்ல, தவறிப் போய்த் தலை குனிந்ததையும் சொல்லப் போகிறேன். அதைச் சொல்லாவிட்டால் மற்றதைச் சொல்லிப் பயனில்லை.

என் உம்மாவின் ஊர் கிண்ணியா. இன்று நாம் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே கடந்து போகிற கிண்ணியாப் பாலம் 2009ஆம் ஆண்டுதான் திறக்கப்பட்டது. அதற்கு முன்னால் 'பாதை'தான். வெளியூர் வாசகிகளுக்காகச் சொல்கிறேன், வாகனங்களையும் மனிதர்களையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்று பெயர். பாதை வரும்வரை கரையில் காத்திருக்க வேண்டும். காத்திருக்கிற இடத்தில் கதை இல்லாமல் இருக்குமா? யார் வீட்டில் பெண் பார்த்தார்கள், எந்தக் கடையில் சீத்தைத் துணி சாயம் போகிறது, யாருடைய எருமைத் தயிர் கெட்டி, எல்லாச் செய்தியும் அந்தக் கரையில்தான் கை மாறும்.

என் உம்மம்மா தயிர் போட்டு விற்றவர். வாசலில் ஒரு பலகை கூட மாட்டியதில்லை. "சட்டியைக் கவிழ்த்தாலும் தயிர் விழாதாம்" என்று யாரோ ஒரு பெண் பாதையில் சொன்ன ஒரு வார்த்தை, மறு கரையில் இறங்கித் திருகோணமலைக் கடைத்தெரு வரைக்கும் போய்விட்டது. பிறகு ஆட்கள் வீடு தேடி வந்தார்கள். உம்மம்மா ஒரு நாளும் தன் தயிரைத் தானே புகழ்ந்து நான் கேட்டதில்லை. பால் குறைந்த நாட்களில், "இண்டைக்குத் தயிர் இல்ல மகள், நாளைக்கு வாங்க" என்பார். தண்ணீர் சேர்த்து ஒப்பேற்ற மாட்டார். அன்று எனக்கு அது பிழைக்கத் தெரியாத தனமாகத் தெரிந்தது. அதுதான் அவருடைய விளம்பரம் என்பது எனக்கு நாற்பது வயதுக்குப் பிறகுதான் விளங்கியது.

2022ஆம் ஆண்டை நம் நாட்டில் யாரால் மறக்க முடியும்? என் கணவர் ஓட்டோ ஓட்டுகிறவர். பெற்றோலுக்கு இரவு பகலாக வரிசையில் கிடந்தார். வரிசையில் நிற்கிற ஓட்டோ உழைக்குமா? சமையல் எரிவாயு இல்லை. பால்மா இல்லை. பிள்ளைகள் மூவர். ஒரு நாள் அரிசிப் பானையைத் தட்டிப் பார்த்துவிட்டு, நானும் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

எனக்குத் தெரிந்தது தொதல். அரிசி மா, தேங்காய்ப் பால், சர்க்கரை, ஏலம், கஜு. சாமான் கொஞ்சம்தான், பாடு பெரிது. விறகடுப்பில் தாச்சியை ஏற்றி, கை ஓயாமல் நாலைந்து மணி நேரம் கிண்ட வேண்டும். தேங்காய் எண்ணெய் பிரிந்து ஓரத்தில் மினுங்கும் வரை இறக்கக் கூடாது. அந்த எண்ணெய் பிரிவதில்தான் தொதலின் ஆயுள் இருக்கிறது. ஈரம் வற்றாமல் இறக்கினால் நாலு நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும்.

முதல் தாச்சியை அயல் வீடுகளுக்குக் கொடுத்தேன். எங்கள் பக்கத்தில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு, சிங்களக் குடும்பங்களும் உண்டு. எதிர் வீட்டு அக்கா தன் மகளின் பிறந்தநாளுக்கு இரண்டு கிலோ சொன்னார். அந்த வீட்டுக்கு வந்த ஓர் ஆசிரியை தன் பாடசாலைக்குச் சொன்னார். ஆசிரியை சொன்னால் சும்மாவா! ஆறு மாதத்தில் கிழமைக்கு மூன்று தாச்சி கிண்டினேன். அல்ஹம்துலில்லாஹ், வீட்டில் அடுப்பு அணையவில்லை.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

2023ஆம் ஆண்டு நோன்பு தொடங்கும்போது என் ராத்தாவின் மகன் வந்தான். கைபேசியில் கெட்டிக்காரன். "சாச்சி, இப்பிடி வாயால சொல்லிச் சொல்லி எப்ப பெரிசாகிற? பேஸ்புக்கில ஒரு பக்கம் திறந்து தாரன்" என்றான். திறந்தான். படம் பிடித்தான். எல்லாம் அழகாகத்தான் இருந்தது. பிறகு இன்னொன்று சொன்னான். "இப்ப பக்கம் வெறுமையாக் கிடக்கு. ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. நம்மட சொந்தக்காரர் ஒரு இருபது பேர், வாங்கிச் சாப்பிட்ட மாதிரி எழுதினாச் சரி."

எனக்கு மனம் கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும், "அவர்கள் என் தொதலைச் சாப்பிட்டவர்கள்தானே, எப்போதாவது" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் மைத்துனி கட்டாரிலிருந்து, "நேற்றுத்தான் கிடைத்தது, பிரமாதம்!" என்று எழுதினாள். கட்டாருக்கு நான் ஒரு துண்டும் அனுப்பியதில்லை, சகோதரிகளே! இன்னொருத்தி எழுதியது, "மூன்று வாரம் வைத்துச் சாப்பிட்டோம், அப்படியே இருந்தது." என் தொதலை யாரும் மூன்று வாரம் வைத்துப் பார்த்ததே கிடையாது.

பலன் கிடைக்காமல் இல்லை. பெருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது முன்பின் தெரியாத இருபத்து மூன்று பேர் பணம் போட்டுவிட்டார்கள். கொழும்பு, கண்டி, குருநாகல் என்று ஊர்கள். எனக்கோ ஒரு தாச்சி, இரண்டு கை. நோன்பு பிடித்துக்கொண்டு இரவு இரவாகக் கிண்டினேன். கடைசி இரண்டு தாச்சிகளை எண்ணெய் முழுதாகப் பிரிவதற்கு முன்பே இறக்கிவிட்டேன். சூடு ஆறும் முன்பே பொதி கட்டினேன். இரண்டும் தவறு என்று என் கைக்குத் தெரியும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பதுதான் அப்போது என் கண் முன்னால் நின்றது.

பெருநாளுக்கு மறுநாள் கண்டியிலிருந்து ஒரு சகோதரி என் பக்கத்தில் ஒரு படம் போட்டார். வெட்டிய தொதலின் மேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம். கீழே ஒரே ஒரு வரி. மூன்று வாரம் வைத்தோம் என்று எழுதியவர் எந்தத் தொதலை வைத்திருந்தார் என்று கேட்டிருந்தார்.

எனக்குக் கை நடுங்கியது. நடுங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது உங்களுக்கும் தெரிந்ததுதான்.

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில், முஸ்லிம்களின் ஒரு சாப்பாட்டுக் கடையில் ஒருவர் தன் உணவுக்குள் ஒரு வெள்ளைக் கட்டியைக் கண்டு, சிங்களவரை மலடாக்க மாத்திரை போட்டிருக்கிறார்கள் என்று சத்தம் போட்டார். கடையில் இருந்தவருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது. பயத்தில் தலையாட்டியதை ஒப்புக்கொண்டதாகப் படம் பிடித்துப் பரப்பினார்கள். கடை நொறுங்கியது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அது வெறும் மாவுக் கட்டி, கருத்தடை மருந்து எதுவும் இல்லை என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிக்கை தந்தார். ஆனால் அதற்குள் வதந்தி நாடு முழுவதும் போய்விட்டது. மார்ச் தொடக்கத்தில், வேறொரு மரணத்தைக் காரணமாகக் கொண்டு திகன பக்கத்தில் கலவரம் வெடித்தபோது, இந்த மாத்திரைக் கதையும் எரிகிற நெருப்பில் எண்ணெயாக நின்றது. அரசாங்கம் பேஸ்புக், வாட்ஸ்அப் முதலியவற்றைச் சுமார் ஒரு வாரம் முடக்கி வைத்தது. தன் தளம் தவறாகப் பயன்பட்டதற்காக அந்த நிறுவனம் 2020ஆம் ஆண்டு மே மாதம் வருத்தம் தெரிவித்தது. கடையையும் வீட்டையும் இழந்தவருக்கு வருத்தம் எதைத் திருப்பித் தரும்?

வாய்ச் சொல் என்றால் இதுவும்தான் சகோதரிகளே. உம்மம்மாவின் தயிரைத் திருகோணமலைக்குக் கொண்டு போனதும் வாய்ச் சொல். அம்பாறையில் கடையை உடைத்ததும் வாய்ச் சொல். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்று நம் முன்னோர் சும்மாவா சொன்னார்கள்!

"சாச்சி, அந்தப் படத்தை அழிச்சிட்டு அவங்களைத் தடுத்து வைப்பம். இல்லாட்டி முஸ்லிம் பொம்புளட சாப்பாட்டில பூஞ்சணம் எண்டு ஊரெல்லாம் கொண்டு போவாங்க" என்றான் மருமகன். பயத்தில் எனக்கும் அது சரி என்றே பட்டது. கணவர்தான் அதுவரை பேசாமல் இருந்தவர், "அம்பாறையில சொன்னது பொய். இந்தப் படம் பொய்யா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பொய்க்கு ஆளானவர்களின் துன்பத்தை எடுத்து, என் பிழைக்குப் போர்வையாகப் போர்த்தப் பார்த்திருக்கிறேன்!

தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, அந்த ஈரத்தை ஏன் மேலே தெரியும்படி வைக்கவில்லை என்று வியாபாரியைக் கேட்ட நிகழ்ச்சியைச் சின்ன வயதில் எத்தனை முறை கேட்டிருப்போம்! எனக்கு அது ஒரு கதையாகவே இருந்தது. அன்று இரவு அந்த ஈரம் என் தொதலில் இருந்தது.

தஹஜ்ஜுத்துக்கு எழுந்த கையோடு மூன்று வேலை செய்தேன். பொய்யாக எழுதிய இருபது பேரையும் அதை நீக்கச் சொன்னேன். அந்தச் சகோதரியின் படத்தை நீக்காமல் அதற்குக் கீழேயே, "கடைசி இரண்டு தாச்சியும் பதம் வராமல் இறக்கியது என் பிழை. முன்னால் இருந்த பாராட்டுகள் என் உறவினர்கள் எழுதியவை, அதுவும் என் பிழை. பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன்" என்று எழுதினேன். அந்த இரண்டு தாச்சியில் வாங்கிய பதினொரு பேருக்கும், கேட்டவர் கேட்காதவர் என்று பாராமல், பணம் அனுப்பினேன். முப்பத்தெட்டாயிரம் ரூபா. அதற்காகக் காதில் கிடந்தது அடகுக்குப் போனது. மருமகன் இரண்டு மாதம் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை.

உடனே எல்லாம் நல்லதாகிவிட்டது என்று எழுதினால் நான் மறுபடியும் பொய் சொல்கிறவளாவேன். பலர் திரும்பி வரவே இல்லை. சிலர் கேலி செய்தார்கள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆறு பேர்தான் கேட்டார்கள். ஆனால் அதில் ஒருவர், கண்டிச் சகோதரி அனுப்பி வந்ததாகச் சொன்னார். "பிழை விட்டா ஒத்துக்கொள்ளுற ஆளு, பயப்படாம வாங்குங்க" என்று சொன்னாராம். அந்த ஒரு சொல் இருபது பொய்ப் பாராட்டுகளை விட நீண்ட தூரம் போயிருக்கிறது. இன்றைக்கும் கண்டிப் பக்கம் போகும் பொதிகள் அந்தச் சொல்லின் பின்னால்தான் போகின்றன.

இதன் பிறகு இந்த விஷயத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் டிகேற்றர் என்னும் சிறு நகரத்தில் 1945ஆம் ஆண்டு சுமார் எண்ணூறு பெண்களிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். வீட்டுச் சாமான், உடை, சினிமா போன்றவற்றில் யார் சொல்லி மனத்தை மாற்றிக்கொண்டீர்கள் என்று கேட்டார்கள். எலிஹு காட்ஸ், போல் லசார்ஸ்ஃபெல்ட் என்ற இரு அறிஞர்கள் அதை 1955இல் நூலாக வெளியிட்டார்கள். பத்திரிகையையும் வானொலியையும் விடத் தெரிந்த மனிதரின் சொல்லே அதிகம் வேலை செய்தது என்று கண்டார்கள். அந்தச் சொல்லைச் சொன்னவர்கள் பெரிய மனிதர்களும் அல்லர். உடை விஷயத்தில் இளம் பெண்களின் சொல் எடுபட்டது. சமையல் சாமான் விஷயத்தில் பெரிய குடும்பத்தைக் கட்டிக் காக்கும் தாயின் சொல் எடுபட்டது. நம்மைப் போன்ற ஒருத்தி சொன்னால்தான் நாம் நம்புகிறோம். அவர்கள் எண்ணூறு பேரைக் கேட்டுக் கண்டதை என் உம்மம்மா பாதைக் கரையில் கண்டிருந்தார்.

இன்னொன்று நம் பக்கத்து நாட்டுக் கதை. 1959 மார்ச் 15ஆம் திகதி பம்பாயில் கிர்காம் பகுதியில் ஏழு பெண்கள் எண்பது ரூபா கடன் வாங்கி, மொட்டை மாடியில் அப்பளம் தேய்க்கத் தொடங்கினார்கள். முதல் நாள் நாலு பொதி. தொடக்கத்தில் தரமானது ஒன்று, விலை குறைந்த தரம் குறைந்தது ஒன்று என இரண்டு வகை செய்ய நினைத்தபோது, தரத்தைக் குறைக்கவே வேண்டாம் என்று அவர்களுக்கு வழிகாட்டிய பெரியவர் தடுத்தார். ஒருவர் சொல்லி ஒருவர் வாங்கியே அது வளர்ந்தது. இன்று லிஜ்ஜத் அப்பளம் என்றால் உலகுக்கே தெரியும். பல்லாயிரம் பெண்கள் அதில் உழைக்கிறார்கள். எண்பது ரூபாவில் விளம்பரத்துக்கு ஒதுக்க என்ன இருந்திருக்கும்? அப்பளமே பேசியிருக்கிறது.

இனி நீங்கள் கேட்ட வித்தைக்கு வருகிறேன். எனக்குப் பலித்தது இவ்வளவுதான்.

முதலில் பொருள். முழுக்க அறியாத ஒருவர் வாயில் வைத்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்ற வேண்டும். தோன்றாவிட்டால் கைபேசியைத் தொடாதீர்கள். அடுப்பைத் திருத்துங்கள்.

அடுத்தது, சொல்வதற்கு ஓர் எளிய செய்தி கொடுங்கள். "நல்ல தொதல்" என்று யாரும் யாரிடமும் சொல்வதில்லை. "விறகடுப்பில ஐந்து மணித்தியாலம் கிண்டினதாம்" என்றால் சொல்வார்கள். அது உண்மையாகவும் இருக்க வேண்டும். நான் கிண்டும்போது தாச்சியைக் காட்டி ஒரு நிமிடப் படம் போடுவேன். முகம் காட்டுவதில்லை. கையும் தாச்சியும் போதும்.

வாங்கியவரிடம் பாராட்டுக் கேட்காதீர்கள். "எப்படி இருந்தது, குறை என்ன?" என்று மூன்று நாள் கழித்து ஒரு செய்தி அனுப்புங்கள். குறையை நம்மிடம் சொல்ல வழி இருந்தால் அவர் ஊரிடம் சொல்லப் போக மாட்டார். நிறை இருந்தால், "இதை என் பக்கத்தில் போடலாமா?" என்று அனுமதி கேட்டுப் போடுங்கள். பிறர் அனுப்பிய செய்தியைக் கேட்காமல் போடுவது அமானிதத்தை உடைப்பது.

அறிந்தவர் வட்டத்துக்குள்ளேயே சுற்றாதீர்கள். நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் அத்தனை பேரும் நமக்குத் தெரிந்ததையே தெரிந்தவர்கள். ஆசிரியை, தாதி, தையற்காரி, பள்ளி வேன் ஓட்டுபவர் என்று பல வட்டங்களில் கால் வைத்திருக்கும் ஒருவருக்கு ஒரு துண்டு கொடுங்கள். புதிய ஊருக்கு அவர்தான் பாதை.

பொய்ப் பாராட்டு வேண்டவே வேண்டாம். மறுமைக்கு மட்டுமல்ல, நாட்டுச் சட்டத்துக்கும் அது ஆகாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வாங்குபவரை ஏமாற்றும் நடத்தையை வியாபாரிக்குத் தடை செய்கிறது. அமெரிக்காவிலும் பொய்யான வாடிக்கையாளர் கருத்துகளைத் தடுக்கும் விதி 2024இல் வந்துவிட்டது. உணவு விற்பவர்கள் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் ஒரு முறை பார்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். செய்த திகதியைப் பொதியில் எழுதுங்கள்.

கடைசியாக, கைக்கு மிஞ்சிய பணத்தை வாங்காதீர்கள். கிழமைக்கு நாலு தாச்சி என்றால் நாலுதான். ஐந்தாவது ஆளிடம், "அடுத்த கிழமை தாறன்" என்று சொல்லுங்கள். காத்திருந்து வாங்கியவர் அதையும் ஒரு கதையாகச் சொல்வார்.

இந்த ஆறையும் ஒரு வரியில் சொல் என்றால், உங்களைப் பற்றி நீங்கள் இல்லாத இடத்தில் பேசப்படுவதுதான் உங்கள் விளம்பரம். அதை நாம் எழுதிக் கொடுக்க முடியாது, சம்பாதிக்கத்தான் முடியும்.

போன மாதம் என் மூத்த மகள் அடுப்படியில் என்னோடு நின்றாள். ஒரு கொழும்புக் கலியாண வீட்டுக்கு அவசரம். மணியைப் பார்த்தபடி, "உம்மா, இறக்கலாமா?" என்று கேட்டேன். பழக்கதோஷத்தில் நானே அவளைக் கேட்டேன்! அவள் தாச்சிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இன்னும் எண்ணெய் பிரியல்ல உம்மா. பஸ் போனாப் போகட்டும்."

பஸ் போய்விட்டது. மறுநாள் காலைப் பஸ்ஸில் அனுப்பினோம். தாமதத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டேன். உம்மம்மா இருந்திருந்தால் அந்தப் பிள்ளையின் தலையைத் தடவியிருப்பார்.

வஸ்ஸலாம்.